பத்து நிமிடத்துக்குள் இரண்டு முறை

1

இந்தக் கதை என் பித்தப்பையில் தொடங்கியது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் யாராவது, "பெரிய ஆராய்ச்சி எல்லாம் செய்து எழுதினீர்களோ" என்று கேட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

மூன்று கற்கள் என்றார்கள். "உனக்குப் பித்தம் தலையிலதான்னு நெனச்சேன். வயித்துலயும் வெச்சிருக்கியா?" என்றாள் என் தங்கை. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். அவளுடைய பாசம் இப்படித்தான் வெளியே வரும். இந்தக் கதைக்கு முதல் வாசகியும் அவள்தான். சிவப்பு மைப் பேனா கையில் இல்லாமல் எதையும் வாசிக்க மாட்டாள். அவள் ஓரத்தில் எழுதியதில் சிலவற்றை அப்படியே விட்டிருக்கிறேன்.

அறுவை சிகிச்சைக்கு மறுநாள் காலை ஒரு செவிலி வந்து என் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். தள்ளுவண்டியில் இருந்த கணினியில் எண்ணை ஏற்றினார். அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். நாலு எட்டு போனவர் நின்று, திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு வந்து மறுபடியும் பட்டையைச் சுற்றினார்.

"என்னாச்சு சிஸ்டர்? நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் ரெண்டாவது தடவை?"

"சும்மாதான்."

நம்மவர்கள் சும்மாதான் என்று சொன்னால் எனக்குக் காது நிமிர்ந்துவிடும். "சும்மாதான் வந்தேன்" என்று வாசலில் வந்து நிற்கும் உறவினர் யாரும் சும்மா வந்ததாகச் சரித்திரம் இல்லை. இரண்டாவது எண்ணும் முதல் எண் மாதிரியே இருந்தது. அவர் அதையும் ஏற்றிவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாளில் வீட்டுக்கு வந்து, ரசம் கூடக் காரமில்லாமல் குடித்துக்கொண்டு கிடந்தேன்.

[ரசத்தை எடுத்துவிட வேண்டும். இந்தக் கதை எந்த ஊரிலும் நடக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். "காரமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டு" போதும்.]

அப்படிக் கிடந்தபோது ஒரே ஒரு கேள்வி மண்டையைக் குடைந்தது. அந்த இரண்டாவது எண் எங்கே போயிருக்கும்?

2

முதல் முயற்சி:

"ஒரு நடுத்தர மருத்துவமனையில் ஒரே நாளில் எத்தனை லட்சம் எண்கள் பிறக்கின்றன என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அவை நதியாகப் பெருகி, பெருங்கடலாகி, அந்தக் கடலின் ஆழத்தில்—"

(சிவப்பு மை: எண்கள் பிறப்பதில்லை. யாரோ நின்று, குனிந்து, அளந்து எழுதுகிறார்கள். கடலை விடு. ஆளைக் காட்டு.)

இரண்டாவது முயற்சி:

"சல்லடை என்று அழைக்கப்பட்ட அந்தப் பெண் அன்று மதியம் தன் அண்ணனைப் பார்க்கப் போகாமல் இருந்திருந்தால்—"

இது எனக்கே பிடிக்கவில்லை. போகாமல் இருந்திருந்தால் கதையே இல்லை. அவள் போனாள். போவதற்கு முன் அவள் யார் என்று சொல்லியாக வேண்டும்.

தங்கையின் பழைய மாணவி ஒருத்தி இப்படிப்பட்ட வேலையில் இருக்கிறாள். மூன்று மாலை அவள் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். வேலையைப் பற்றி இங்கே வருவதில் பாதி அவள் சொன்னது. ஆட்களும் நடந்ததும் முழுக்க என் கைச்சரக்கு.

3

மருத்துவமனையின் துணி வெளுக்கும் கூடத்துக்கு மேல்தளத்தில் அவளுடைய அலுவலகம். கீழே உலர்த்தும் இயந்திரங்கள் ஓடுவதால் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். ஏழு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வேலை பார்ப்பார்கள். பதினோரு மருத்துவமனைகளின் பத்து வருடப் பதிவுகள் அங்கே வந்து குவிந்திருந்தன. முப்பது லட்சம் பேர் கட்டிலில் படுத்து எழுந்த கணக்கு. அதையெல்லாம் ஓர் இயந்திரத்துக்குப் புகட்டி, இன்னாருக்கு நாளைக்கு உடம்பு மோசமாகப் போகிறது என்று இன்றைக்கே சொல்ல வைப்பதுதான் திட்டம். ஒவ்வொரு கட்டிலுக்கும் பலகையில் ஒரு விளக்கு. பச்சை, மஞ்சள், சிவப்பு.

புகட்டுவதற்கு முன் கல்லும் உமியும் நீக்க வேண்டுமல்லவா? அது அவள் வேலை. அவள் கையில் சிக்கியவர்களைக் கேளுங்கள். இருநூற்றுப் பதினான்கு வயதுக்காரர் ஒருவர். பதினேழு சென்டிமீட்டர் உயரமுள்ள ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர். பிரசவ வார்டில் பெயர் ஏறிய ஆண்கள் நாற்பத்து மூன்று பேர். இறந்த மறுவாரம் பல் பிடுங்க வந்தவர் ஒருவர். இவர்களையெல்லாம் சளைக்காமல் பிடித்துச் சரிசெய்ததால் அவளுக்குச் சல்லடை என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கு அதில் பெருமைதான். நாற்பத்தொரு வயதில் முதல் தடவையாகத் தன் வேலையால் ஒரு பட்டப்பெயர் கிடைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கிடைத்தது பல்லால் வந்தது.

இந்தக் கதைக்கு வேண்டியது அவள் எழுதிய விதிகளில் ஒன்றே ஒன்று.

"ஒரே நோயாளிக்கு, ஒரே வகை அளவு, பத்து நிமிடத்துக்குள் இரண்டு முறை பதிவாகியிருந்தால் முதலாவதை வைத்துக்கொள். இரண்டாவதை அழி."

கண்ணை மூடிக்கொண்டு எழுதிய விதி இல்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், அவள் இருநூறு சோறு எடுத்துப் பார்த்தாள். இருநூறு இரட்டைப் பதிவுகளில் நூற்று எண்பத்தேழில் இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே எண்ணை இரண்டு முறை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பொத்தானைத் தட்டினாள். நாலரை லட்சம் வரிகள் ஒரே மதியத்தில் போயின. திட்டத் தலைவர் அதைக் கூட்டம் போட்டுச் சொன்னார். இயந்திரமும் வேகமாக ஓடியது. விதி அப்படியே பலகைக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது.

* இதை எழுதும்போது நான் அவள் பக்கம்தான் இருந்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன். நீங்களும் இருந்திருப்பீர்கள். இப்போது அவசரமாக மறுக்காதீர்கள்.

4

முதல் வடிவத்தில் கட்டிலில் படுத்திருந்தவர் அவள் கணவர். படுத்ததுமே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள், கதை ஓர் அங்குலம் நகரவில்லை. அடுத்து அம்மாவைப் படுக்க வைத்தேன். அம்மாவைக் கட்டிலில் போட்டு வாசகரை மிரட்டுவது எழுத்தாளர் வேலை இல்லை, அடியாள் வேலை. எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அண்ணன் சரியாக வந்து அமர்ந்தார். அண்ணன் என்றால் பயப்படவும் செய்யலாம், சண்டையும் போடலாம்.

அண்ணனுக்கு ஐம்பத்து நாலு வயது. நகரப் பேருந்து ஓட்டுகிறவர். குடலில் அடைப்பு என்று ஒரு சாண் நீளத்தை வெட்டி எடுத்து மூன்று நாளாகிறது. கண்காணிப்பு வார்டில் ஆறாவது கட்டில். அந்த வார்டில் மணிக்கொரு தடவை அளப்பார்கள். கீழ்த்தளத்துப் பொது வார்டில் ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான். வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதை அதன் மேல்தான் நிற்கிறது.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அவள் போனபோது அவர் சுவரில் இருந்த பலகையைக் கண்ணால் காட்டினார். சோதனை ஓட்டமாக இந்த ஒரு வார்டில் மட்டும் அதை இரண்டு வாரமாக மாட்டியிருந்தார்கள். வரும் திங்கட்கிழமை பதினோரு மருத்துவமனைகளிலும் மாட்டப் போகிறார்கள்.

"பாத்தியா குட்டி, பச்சை. நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்குக் கீழ மாத்தறாங்களாம். உன் மிஷின் சொல்லிடுச்சு."

"என் மிஷின் இல்லண்ணா. நான் அதுக்குப் பாத்திரம் கழுவறவ."

"நல்லாத்தான் கழுவியிருக்க."

செவிலி வந்தார். அந்த வார்டில் பல வருடமாக வேலை பார்ப்பவர், இடுப்பில் கத்தரிக்கோலும் நெற்றியில் நிரந்தரமாக ஒரு சுருக்கமும் உள்ளவர். பட்டையைச் சுற்றினார், எண்ணைப் பார்த்தார், ஏற்றினார். நல்ல எண். அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே பாதியில் நிறுத்தித் திரும்பினார். வந்து மறுபடியும் அளந்தார்.

சல்லடைக்குத் தன் விதி நடந்து வந்து எதிரில் நிற்பது போலிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு நிமிடம்.

"என்ன சிஸ்டர், பட்டை சரியா ஒட்டலையா?"

"ஒட்டுச்சே."

"அப்புறம் ஏன்?"

"சும்மாதான்மா."

அவள் விடவில்லை. வார்டு வாசல் வரை பின்னாலேயே போய்த் திரும்பக் கேட்டாள். செவிலி கொஞ்சம் தயங்கினார். பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம்.

"முந்தாநாள் உங்க அண்ணன் ஃபேன் சத்தம் போடுதுன்னு என்கிட்ட சண்டை. நேத்து தலைகாணி கல்லு மாதிரி இருக்குன்னு சண்டை. இன்னிக்குக் காலைல இருந்து ஒண்ணுமே சொல்லல. குடுத்த மாத்திரைய வாங்கிப் போட்டுக்கறாரு."

"அது நல்லதுதானே?"

"நல்லதாவும் இருக்கலாம். நம்பர் எல்லாம் நல்லாருக்கு. டாக்டர்கிட்ட போய் என்னன்னு சொல்றது? ஆறாம் கட்டில் சண்டை போடலன்னா? அதை எந்தக் கட்டத்துல எழுதறது சொல்லுங்க. அதான் போய்ப் போய் அளக்கறேன். ஏதாவது நம்பர் மாறினா பிடிச்சுக்கலாம்ல."

திரும்பி வந்து அண்ணனைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக் கிடந்தார். மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

5

திட்டத்தின் பதிவுகளில் யாருக்கும் பெயர் கிடையாது. பெயரை உருவி எடுத்துவிட்டு நீளமான எண் ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். தெரிந்தவர் யாரையும் அதில் தேடிப் பிடிக்கக் கூடாது என்று வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். பிடித்தால் சீட்டுக் கிழிந்துவிடும். அவளும் போட்ட கையெழுத்துதான்.

இடைவேளை முடிந்து வந்து உட்கார்ந்தவள் தேடினாள். வயது ஐம்பத்து நாலு, குடல் அறுவை, மூன்றாம் நாள், இந்த வார்டு. ஒரே ஒரு ஆள் வந்தார்.

சுத்தமான கோப்பில் அவருக்கு மணிக்கொரு வரி. எல்லாம் ஒழுங்கு. சலிக்காத நகலைத் திறந்தாள். காலை ஆறு மணியிலிருந்து ஐந்து இரட்டைகள். ஐந்து தடவை அந்தச் செவிலி போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறார். ஐந்து தடவையும் எண் மாறவில்லை. ஐந்து தடவையும் சல்லடையின் விதி பின்னால் வந்து துடைத்துவிட்டுப் போயிருக்கிறது.

[இங்கே "அவள் பயந்துபோனாள்" என்று எழுதியிருந்தேன். பொய் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்தது, அதை முதலில் சொல்ல வேண்டும்: அவளுக்கு ஆர்வம் வந்தது. அண்ணன் கட்டிலில் கிடக்கும்போது ஆர்வமா என்று கேட்காதீர்கள். கை ஒரு வேலையில் பழகிவிட்டால் மனம் அந்தக் கையின் வழியாகத்தான் பயப்படும்.]

அழித்தது இந்த ஐந்து மட்டுமல்லவே. நாலரை லட்சம். அப்படியானால் மற்ற கட்டில்களில் திரும்பி வந்தவர்கள் எதற்காகத் திரும்பி வந்தார்கள்?

முதல் அளவே மோசமாக இருந்து மறுபடி அளந்தவர்களைக் கழித்தாள். அங்கே காரணம் வெளிப்படை.

(சிவப்பு மை: பணி மாறும் நேரம்? ஒருவர் அளந்து முடிக்க, வந்தவரும் அளப்பார்.)

அந்த நேரத்தையும் கழித்தாள்.

(சிவப்பு மை: பட்டை நழுவியது?)

அதைக் கழிக்க வழியில்லை. இருக்கட்டும் என்று விட்டாள்.

(சிவப்பு மை: இத்தனையும் ஒரு மதியத்திலா, அக்கா?)

கதையில் பொழுது நான் சொன்னபடிதான் சாயும்.

மிச்சம் இருந்தது இதுதான். முதல் அளவு நன்றாக இருந்து, ஒரே முறை அளக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் ஒரு நாளைக்குள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருந்தார். முதல் அளவு நன்றாக இருந்தும் இரண்டாம் முறை அளக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஆறு பேர்.

இரண்டு எண்ணும் ஒன்றுதான் என்று பார்த்து அழித்தாளே, அது சரிதான், இரண்டும் ஒன்றுதான். ஆனால் எண்ணில் ஒன்றும் இல்லை. எண் நன்றாக இருந்தும் ஒருவர் மனம் ஒப்பாமல் திரும்பி வந்தார் என்பதில்தான் எல்லாம் இருந்தது. பத்து வருடமாக, பதினோரு மருத்துவமனைகளில், யார் யாரோ செவிலிகள் சொல்லத் தெரியாத சந்தேகத்தையெல்லாம் அவர்களை அறியாமலேயே அந்த வரிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். கடுகு போன இடத்தையெல்லாம் துருவித் துருவிப் பார்த்தவள் பூசணிக்காய் போன இடத்தைக் கோட்டைவிட்டாள்.

இப்போது பயம் வந்தது.

6

மாலை ஐந்து மணிக்குத் திட்டத் தலைவரின் அறை. அவரை வில்லனாக்க ஒரு முறை முயன்றேன். மீசை கூட வைத்தேன். சரிவரவில்லை. நல்ல மனிதர். அவருடைய மனைவியைச் சாதாரணக் காய்ச்சல் என்று ஒரு மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பியது, மறுநாள் அந்த அம்மாள் உயிரோடு இல்லை. இந்தத் திட்டத்தை அவர் ஆரம்பித்ததே அதனால்தான்.

அவள் காட்டிய கணக்கை அவர் இரண்டு தடவை படித்தார்.

"ஒரு நர்ஸோட பதட்டத்தை எப்படிம்மா தரவுல கொண்டுவர்றது?"

"வந்திருந்துச்சு சார். நான்தான் அழிச்சேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை எப்படிக் கண்டுபிடிச்ச?"

இந்தக் கேள்விக்குப் பொய்யான பதில்கள் மூன்று எழுதிப் பார்த்தேன். மூன்றும் நன்றாகவே இருந்தன. அவள் ஒன்றையும் வாயில் போட்டுக்கொள்ளவில்லை.

"அண்ணன் ஆறாம் கட்டில்ல இருக்காரு. அவரைத் தேடிப் பாத்தேன்."

கீழே உலர்த்தும் இயந்திரம் ஒன்று நின்று, அறை திடீரென்று அமைதியானது.

"இப்ப சொன்னதை நான் காதுல வாங்கலன்னு வெச்சுக்கறேன்," என்றார். "நாலரை லட்சம் வரியைத் திரும்பச் சேத்தா மிஷினுக்கு மறுபடி முதல்ல இருந்து பாடம். ஆறு மாசம். அந்த ஆறு மாசத்துல இந்தப் பலகை எத்தனை பேரைப் பிடிச்சிருக்கும், அதையும் கணக்குப் போடு. அப்புறம், நூத்துல ஆறுதானே? தொண்ணூத்தி நாலு பேருக்கு ஒண்ணும் ஆகலியே."

"நூத்துல ஒண்ணுதான் ஆகணும் சார்."

"உங்க அண்ணனை மேலயே நிறுத்தினா, கீழ ஸ்ட்ரெச்சர்ல ஒருத்தர் கட்டில் இல்லாமக் காத்திருப்பாரு. அவரும் யாருக்கோ அண்ணன்தான்மா."

  இந்த வரியை எழுதிவிட்டு நான் நான்கு நாள் இந்தப் பக்கமே வரவில்லை.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் பேசலாம்," என்றார் தலைவர்.

ஒன்பது மணிக்கு அண்ணனைக் கீழே கொண்டுபோய்விடுவார்கள்.

7

இனி, நான் எழுதிப் பார்த்த முடிவுகள்.

முதல் முடிவு: அவள் போராடி அண்ணனை மேலேயே நிறுத்துகிறாள். நண்பகலில் தையல் விட்டுப் போகிறது. செவிலி பிடித்துவிடுகிறார், ஓடுகிறார்கள், காப்பாற்றுகிறார்கள். தலைவர் கண்கலங்குகிறார். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

(சிவப்பு மை: அப்படியானால் அவருக்கு ஒன்றும் ஆகாமல் போனால் அவள் சொன்னது தப்பா? ஒரு ஆளை வைத்து நாலரை லட்சத்தை நிரூபிக்காதே. என் மாணவர்கள் இப்படி எழுதினால் சுழி போடுவேன்.)

இரண்டாவது முடிவு: அண்ணனைக் கீழே அனுப்புகிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. அவர் சண்டை போடாததற்குக் காரணம் முந்தின நாள் நன்றாகத் தூங்கியதுதான். அங்கிருந்து நாலாம் நாள் வீட்டுக்குப் போய்த் தலையணையோடு சண்டையைத் தொடர்கிறார். என் தங்கைக்கு இது பிடித்திருந்தது. நூற்றில் தொண்ணூற்று நாலு கதைகள் இப்படித்தான் முடியும் என்றாள். எனக்குப் பிடிக்கவில்லை. இதைப் படிப்பவர், "அட, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்" என்று எழுந்து போய்விடுவார், ஆறு பேர் அனாதையாகிவிடுவார்கள்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். தட்டச்சு செய்தபிறகு தங்கை சொன்னாள்: "ரெண்டு ஆரம்பம், ரெண்டு முடிவு, அடிச்சது திருத்தினது எல்லாம் எதுக்கு? ஒண்ணை வெச்சுட்டு மத்ததை அழிச்சுடு. பிரதி சுத்தமா இருக்கும்." சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்தோம். நான் எங்கெங்கே இரண்டாவது முறை எழுதினேனோ அங்கெல்லாம் எனக்கு மனம் ஒப்பவில்லை என்று அர்த்தம். அதனால் விட்டுவைத்திருக்கிறேன்.

8

ஆக, நடந்தது என்று என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்.

மறுநாள் காலை எட்டரை மணி. அவள் கையில் ஒரே ஒரு தாள். ஒரு பக்கம் கணக்கு. மறுபக்கம், தெரிந்தவரைத் தேடியது தான்தான் என்று எழுதிக் கீழே கையெழுத்து. தலைவர் காதில் வாங்காமல் விட்டதை அவளே எழுதிக் கொண்டுவந்துவிட்டாள். கணக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் கணக்கை மட்டும் நம்பச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

வார்டு வாசலில் சக்கர நாற்காலி வந்து நின்றிருந்தது. பலகையில் ஆறாம் கட்டில் பச்சை.

அண்ணன் உடை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் லேசாக வெளுத்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தினாலும் இருக்கலாம்.

"போலாமா குட்டி? பச்சை விழுந்துடுச்சு."

"பச்சை விழுந்தா நீ உடனே வண்டிய எடுத்துடுவியாண்ணா?"

"ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் எடுப்பேன்."

(சிவப்பு மை: ரொம்ப அழகாக இருக்கிறது. அதனால் நம்ப முடியவில்லை.)

சரி. அவர் "இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்று மட்டும் கேட்டார். வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் செவிலியிடம் போனாள்.

"சிஸ்டர், நீங்க ரெண்டாவது தடவை அளந்ததெல்லாம் எங்ககிட்ட வந்துச்சு. நான்தான் குப்பைன்னு அழிச்சேன்."

செவிலிக்கு முதலில் புரியவில்லை. அவள் விளக்கினாள். நூற்றில் ஒன்று, நூற்றில் ஆறு. செவிலியின் நெற்றிச் சுருக்கம் மெல்ல அவிழ்ந்தது, பிறகு முன்னைவிட ஆழமாக விழுந்தது.

"பத்து வருஷமாவா?"

"பத்து வருஷமா."

"நான் ஏதோ எனக்குத்தான் கோளாறுன்னு நெனச்சுட்டிருந்தேன். சந்தேகப் பிராணின்னு வீட்லயும் சொல்வாங்க." தள்ளுவண்டியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். "அதெல்லாம் இப்ப எங்கயாவது இருக்கா?"

"சலிக்காத நகல்ல இருக்கு. நாலரை லட்சமும் இருக்கு."

செவிலி முந்தானை இல்லாத சீருடையில் கண்ணைத் துடைத்துக்கொள்ள இடம் தேடி, புறங்கையால் துடைத்துக்கொண்டார். பிறகு, "வாங்க," என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனார்.

மருத்துவர் இளம்பெண். காலையிலிருந்து பதினாலு கட்டில் பார்த்தாகிவிட்டது. தாளின் இரண்டு பக்கத்தையும் படித்தார்.

"இது பலகையில இல்லையே."

"பலகைக்கு நான் காட்டல டாக்டர்."

"இதைக் குடுத்தா உங்க வேலை போகும், தெரியும்ல?"

"தெரியும்."

மருத்துவர் செவிலியைப் பார்த்தார். "உங்களுக்கு என்ன தோணுது சிஸ்டர்?"

செவிலி வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தாரோ என்னவோ, கேட்டதும் இடுப்புக் கத்தரிக்கோலைச் சரியாகச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். பிறகு சொன்னார்: "அவர் இன்னிக்கும் சண்டை போடல டாக்டர்."

"பன்னண்டு மணி வரைக்கும் மேலயே வெச்சுக்கலாம். அதுக்கு மேல என்னால முடியாது. கீழ ஆள் காத்திருக்கு."

சக்கர நாற்காலி காலியாகத் திரும்பிப் போனது. கீழே ஸ்ட்ரெச்சரில் இருந்தவர் இன்னும் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவரைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. அது இந்தக் கதையின் குறை, ஒப்புக்கொள்கிறேன்.

9

இப்போது மணி பதினொன்று ஐம்பது. அவள் வேலை என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது, இந்த நிமிடம் அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. கட்டிலின் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் செவிலி. சற்று முன்தான் அளந்தார்கள். நல்ல எண். செவிலி பட்டையைக் கழற்றி மடித்து வண்டியில் வைத்தார், இரண்டு எட்டு போனார், நின்றார், திரும்பினார். பட்டையை மறுபடியும் அண்ணன் கையில் சுற்றுகிறார். காற்று ஏறும் சத்தம். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்கிறார். மின்விசிறியைத் திட்டப் போகிறாரா, முனகப் போகிறாரா என்று அவள் அவர் உதட்டையே பார்க்கிறாள்.

இங்கே நான் நிறுத்திக்கொள்கிறேன். தைரியம் இல்லாமல் இல்லை. இதற்கு மேல் நான் எதை எழுதினாலும் அவர் ஆறு பேரில் ஒருவராகவோ தொண்ணூற்று நாலு பேரில் ஒருவராகவோ ஆகிவிடுவார். இந்தக் கணத்தில் அவர் இன்னும் அவள் அண்ணன் மட்டும்தான்.

நான் தொண்ணூற்று நாலில் ஒருத்தி. அதனால்தான் இங்கே உட்கார்ந்து எழுத முடிகிறது. மீதி ஆறு பேர் எழுதியிருந்தால் இந்தக் கதை எப்படி முடிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் ஒரு முறை படித்துவிட்டீர்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, வாக்கியங்கள் ஒழுங்காகத்தான் இருந்தன என்று தோன்றினால் எழுந்து போகலாம். நாலு எட்டு போன பிறகு மனம் ஒப்பவில்லை என்றால் திரும்பி வந்து இன்னொரு முறை பாருங்கள். ஆறாம் கட்டிலில் அவர் இருப்பார். ஏன் திரும்பி வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், சும்மாதான் என்று சொல்லுங்கள்.